விமான நிலையத்தில் கார் நிறுத்த ஏன் இவ்வளவு கட்டணம்? கடற்கரையிலிருந்து போகிறவர்களின் கணக்கு

2025 ஆகஸ்ட் 3 – கீழக்கரை வாசகர் ஒருவரின் கேள்வி

துபாயிலிருந்து தம்பி வந்தான். கூப்பிட வீட்டோடு மதுரை விமான நிலையத்துக்குப் போனோம். விமானம் தாமதம். கார் நின்ற நேரத்துக்குக் கொடுத்த காசில் நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் மாசம் முழுக்க பைக் போடலாம். கூரை கிடையாது, மரம் கிடையாது, வெறும் தரை. நிலம் அரசாங்கத்தது. இதில் செலவு என்ன இருக்கிறது? பார்க்கிங் குத்தகைக்காரர் அதிகமாக ஏலம் எடுத்துவிட்டு நம் தலையில் கட்டுகிறார், அவ்வளவுதானே?

ஆகஸ்ட் 3, இரவு

கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். குத்தகைத் தொகை ஏறியதால் கட்டணம் ஏறியது என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். நடப்பது அதற்கு நேர் எதிர். அவ்வளவு கட்டணம் வாங்க முடியும் என்று தெரிவதால்தான் குத்தகைக்கு அவ்வளவு தொகை கேட்கிறார்கள்.

மண்டபத்தில் நண்டு ஏலம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கரையில் கேட்கிற வியாபாரி, ஏற்றுமதிக் கம்பெனி இன்று என்ன விலைக்கு எடுக்கும் என்பதை மனதில் வைத்து, அதிலிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொண்டே வந்துதான் விலை சொல்கிறார். கரை விலை ஏறியதால் வெளிநாட்டில் நண்டு விலை ஏறுவதில்லை. டேவிட் ரிக்கார்டோ என்ற பொருளாதார அறிஞர் 1817-இலேயே தானியத்தை வைத்து இதைத்தான் சொன்னார்: நிலவாடகை கூடியதால் தானியம் விலை கூடவில்லை, தானியம் விலை கூடியதால்தான் நிலவாடகை கூடியது.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். கட்டணம் 50 ரூபாய் என்றால் நாளைக்கு 400 கார் வரும். வசூல் 20,000. 100 ரூபாய் என்றால் 320 கார், 32,000. 200 என்றால் 180 கார், 36,000. 300 என்றால் 100 கார்தான், 30,000. குத்தகைக்காரர் கட்ட வேண்டியது நாளைக்கு 10,000 ஆனாலும் 30,000 ஆனாலும் அவருக்குச் சாதகமான விலை அதே 200 ரூபாய்தான். ஆகவே நாளைக்கே குத்தகைத் தொகையைப் பாதியாகக் குறைத்தாலும் உங்கள் சீட்டில் ஒரு ரூபாய் குறையாது. அவருடைய லாபம்தான் கூடும்.

ஆகஸ்ட் 4

“அப்படியானால் அந்த 200 ரூபாயை யார் முடிவு செய்வது?” என்று கேட்டிருக்கிறீர்கள். வேறு வழி இல்லாத நம்முடைய நிலைமைதான் முடிவு செய்கிறது.

1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும் வரை இராமேஸ்வரம் தீவுக்கு ரோடு கிடையாது. காரில் வருகிறவர்கள் மண்டபத்தில் வண்டியை விட்டுவிட்டு ரயில் ஏறுவார்கள். அப்பாவின் கூட்டாளி ஒருவர் மண்டபம் ஸ்டேஷன் பக்கத்தில் காலி மனை வைத்திருந்தார். வெளியூர்க் கார்கள் அங்கே ராத்திரி நிற்கும், காலையில் காசு வாங்குவார். அந்த மனையில் அவர் ஒரு கீற்றுகூடப் போட்டதில்லை. பாலம் திறந்ததும் வருமானம் நின்றுபோனது. மண்ணும் அவரும் மாறவில்லை. கார்காரருக்கு வேறு வழி பிறந்தது, அவ்வளவுதான்.

விமான நிலையத்து வெறும் தரையும் இதே மாதிரிதான். காசு தரைக்கு இல்லை, அந்தத் தரை இருக்கிற இடத்துக்கு.

ஆகஸ்ட் 4, மாலை

நேற்றிலிருந்து மனதில் ஓடுகிற விஷயம் இது. எல்லாருக்கும் ஒரே ரேட்தானே, இதில் நமக்கு மட்டும் என்ன அநியாயம் என்று பரமக்குடி நண்பர் கேட்டார். ரேட் ஒன்றுதான். ஆனால் அது ஒவ்வொருவர் மேலும் விழுகிற விதம் வேறு.

மதுரை விமான நிலையத்தை ஒட்டிய பெருங்குடிக்காரருக்கு விமானம் தரையைத் தொட்ட பிறகு வீட்டிலிருந்து கிளம்பினால் போதும். நமக்கு அப்படி முடியாது. இராமநாதபுரத்திலிருந்து மதுரை விமான நிலையம் 120 கிலோமீட்டர் போல வரும், இராமேஸ்வரத்திலிருந்து இன்னும் ஐம்பது சொச்சம். போகலூர், திருப்பாச்சேத்தி என்று இரண்டு டோல்கேட். பரமக்குடி வரைக்கும் இன்னும் இருவழிச் சாலைதான். நான்குவழியாக்க மத்திய அமைச்சரவை இந்த ஜூலையில்தான் ஒப்புதல் கொடுத்தது. லாரிக்குப் பின்னால் மாட்டினால் மாட்டியதுதான். அதனால் இரண்டு மணி நேரம் முன்கூட்டியே போய்ச் சேருகிறோம். அப்புறம் விமானம் தாமதம், குடியேற்றச் சோதனை, சுங்கம், பெட்டி வர நேரம். எல்லாம் சேர்ந்து நான்கைந்து மணி நேரம் ஆகிவிடுகிறது.

இப்போது கட்டண அட்டவணையின் வடிவத்தைப் பாருங்கள். இறக்கிவிட்டு உடனே கிளம்புகிறவருக்குச் சில நிமிடம் சலுகை. காரை நிறுத்திவிட்டுச் சென்னைக்குப் பறந்து மறுநாள் திரும்புகிற வியாபாரிக்கு நாள் கணக்கில் ஒரு உச்சவரம்பு, மணிக்குப் பங்கிட்டால் மலிவு. இரண்டுக்கும் நடுவில், மணிக்கு மணி ஏறுகிற பகுதியில் யார் நிற்கிறார்கள்? தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரையிலிருந்து வேனில் வந்து வளைகுடா விமானத்துக்குக் காத்திருக்கிற குடும்பங்கள்.

எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டு ஊருக்கு ஒரு விலை வைக்க யாராலும் முடியாது. ஆனால் தூரத்துக்காரர் சீக்கிரம் வருவார், அதிக நேரம் நிற்பார். அவருக்கு மாற்று வழியும் இல்லை. டாக்ஸி பிடித்தால் காலியாகத் திரும்புகிற வண்டிக்கும் சேர்த்து, டிரைவர் பேட்டாவோடு ஆயிரக்கணக்கில் ஆகும். ஆக, நேரத்துக்கு வைத்த விலை தூரத்துக்கு வைத்த விலையாக மாறிவிடுகிறது. யாரும் திட்டம் போட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. விளைவு அப்படி இருக்கிறது.

ஆகஸ்ட் 6

“விமான நிலையக் கட்டணத்தை முறைப்படுத்த டெல்லியில் ஆணையம் இருக்கிறதே, அங்கே புகார் கொடுக்கலாமே” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அங்கே கொடுத்துப் பயன் இல்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த அந்த ஆணையம் (ஏரா என்பார்கள்) பார்ப்பது விமானம் சார்ந்த கட்டணங்களை: விமானம் இறங்க, விமானம் நிற்க, பயணி தலைக்கு வாங்கும் மேம்பாட்டுக் கட்டணம். கார் நிறுத்தம், கடை, விளம்பரப் பலகை எல்லாம் விமானம் சாராதவை. அவற்றின் விலையை அது தொடாது. போதாததற்கு, 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆண்டுக்கு 35 லட்சத்துக்கு மேல் பயணிகள் வந்தால்தான் “பெரிய விமான நிலையம்”. அதற்கு முன்பு அந்த வரம்பு 15 லட்சமாக இருந்தது. மதுரை, திருச்சி, தூத்துக்குடி மூன்றும் அந்தக் கோட்டுக்குக் கீழே. நமக்கு எட்டுகிற எந்த விமான நிலையமும் அந்த ஆணையத்தின் பார்வையில் பொதுவாக வராது.

ஆகஸ்ட் 6, சேர்ப்பு

பார்க்கிங் வருமானம் எங்கே போகிறது என்றும் கேட்டார்கள். 2016 விமானப் போக்குவரத்துக் கொள்கையின்படி, விமானம் சாராத வருமானத்தில் 30 சதவீதத்தை விமானக் கட்டணங்களைக் குறைக்கக் கணக்கில் எடுக்க வேண்டும். மீதி 70 நடத்துகிறவருக்கு. அதாவது வாசலில் காத்திருக்கிறவர் கொடுத்து விமான நிலையத்துக்குப் போய்ச் சேரும் நூறில் முப்பது, உள்ளே பறக்கிறவரின் கட்டணத்தைக் குறைக்கப் போகிறது. சீட்டில் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு.

இதற்கு ஒரு நியாயமான வாதம் உண்டு. டேவிட் ஸ்டார்க்கி என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 2001-இல் சொன்னது: கடையிலும் பார்க்கிங்கிலும் நல்ல காசு வந்தால், விமான நிலையம் தானாகவே விமானக் கம்பெனிகளிடம் குறைவாக வாங்கும், ஏனென்றால் விமானம் கூடினால் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் வசூல் கூடும். வாதம் சரிதான். ஆனால் யார் கொடுக்கிறார், யாருக்குப் போகிறது என்று பார்த்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. வாரம் ஒரு முறை பறக்கிறவருக்கு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மகனைக் கூப்பிட வருகிற தாய் எதற்காகக் காசு கொடுக்க வேண்டும்?

ஆகஸ்ட் 9

“இலவசமாக்கு, பிரச்சினை தீர்ந்தது” என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் இலவசம் எப்படி இருக்கும் என்பதை நம் மாவட்டத்திலேயே தினமும் பார்க்கிறோம்.

பாம்பன் சாலைப் பாலத்தில் நிற்க ஒரு காசும் இல்லை. ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்ததிலிருந்து ரயில் வருகிற நேரம் பார்த்து காரை ஓரம்கட்டிவிடுகிறார்கள். பின்னால் வருகிற பேருந்து நிற்கும், ஆம்புலன்ஸ் நிற்கும், போலீஸ் விரட்டும். விடுமுறை நாளில் அரிச்சல்முனைக்குப் போய்ப் பாருங்கள். ரோடு முடிகிற இடத்தில் வண்டியைத் திருப்ப வழியில்லாமல் வரிசை நீண்டுகொண்டே போகும். விலை இல்லாத இடத்துக்கு மக்கள் நேரத்தால் விலை கொடுக்கிறார்கள், அந்த விலை யாருக்கும் வருமானமாகக்கூடப் போவதில்லை.

சென்ற பிப்ரவரியில் காலமான டொனால்ட் ஷூப் என்ற கலிஃபோர்னியப் பேராசிரியர் வாழ்நாள் முழுக்க இதைத்தான் ஆராய்ந்தார். அவர் வைத்த அளவுகோல் எளிது: எட்டு இடம் இருந்தால் எப்போதும் ஒன்றாவது காலியாக இருக்கும்படி விலை வை. அதற்கு மேலும் ஏற்றாதே, கீழும் இறக்காதே. இந்த அளவுகோலை எனக்குப் பிடிக்கக் காரணம், இது இரண்டு பக்கமும் வெட்டும். வாசலை ஒட்டிய முதல் வரிசைக்கு அதிக விலை சரி. ஆனால் பின்னால் பாதி மைதானம் நாள் முழுக்கக் காலியாகக் கிடக்கும்போது அங்கே மணிக்கு மணி ஏற்றுவதற்கு இடநெருக்கடியைக் காரணம் காட்ட முடியாது. நான் பார்த்த இடத்தில் பின் வரிசைகள் காலி. முள்வேலிக்கு வெளியே ரோட்டோரம் கார்கள் வரிசையாக, உள்ளே குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்க, போன் வரும்வரை நின்றன. விலை தப்பு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆகஸ்ட் 10

லண்டனில் இருக்கிற மைத்துனர் படித்துவிட்டு எழுதினார்: ஹீத்ரோவில் நிறுத்தவே வேண்டாம், வாசலில் ஆளை இறக்கிவிட்டாலே காசு. 2021 நவம்பரில் 5 பவுண்டாக ஆரம்பித்தது, 2025-இல் 6. ஆனால் அங்கே நிலத்தடி ரயில் விமான நிலையத்துக்குள்ளேயே போகிறது. காரை விட்டுவிட்டு ரயிலில் வா என்று சொல்ல அவர்களுக்கு வாய் இருக்கிறது. சென்னையில்கூட 2016-இலிருந்து மெட்ரோ இருக்கிறது. நாம் இராமநாதபுரத்திலிருந்து பேருந்தில் போனால் மாட்டுத்தாவணியில் இறங்கி, பெட்டிகளோடு மாறிப் போக வேண்டும். மாற்று வழி கொடுத்துவிட்டு விலை ஏற்றுவதும், வழியே இல்லாதபோது ஏற்றுவதும் ஒன்றல்ல.

ஆகஸ்ட் 15

சாயல்குடி நண்பர் நல்ல விஷயம் ஒன்றைக் கிளப்பியிருக்கிறார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேம்பார் தாண்டிப் போனால் அவருக்குத் தூத்துக்குடி விமான நிலையம் மதுரையைவிடச் சௌகரியம். போன மாதம் 26-ஆம் தேதி புது முனையமும் திறந்தாயிற்று. தொண்டிப் பக்கத்துக்காரர்களுக்குத் திருச்சி தோது, அங்கே 2024 ஜனவரியில் புது முனையத்தைத் திறந்து வைத்தார்கள். மூன்று விமான நிலையங்கள் போட்டி போட்டால் விலை இறங்காதா என்கிறார்.

உள்நாட்டுப் பயணத்துக்கு ஓரளவு இறங்கலாம். ஆனால் விமான நிலையத்தை யாரும் பார்க்கிங் விலை பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. டிக்கெட் எங்கே கிடைக்கிறதோ அங்கே போகிறோம். தூத்துக்குடியிலிருந்து துபாய்க்கு விமானம் இல்லாதவரை கீழக்கரைக் குடும்பத்துக்கு அங்கே பார்க்கிங் இலவசமானாலும் உபயோகம் இல்லை. டிக்கெட் வாங்கும் நேரத்தில் பார்க்கிங் கட்டணம் நம் கண்ணுக்கே தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத விலையில் போட்டி வராது.

ஆகஸ்ட் 17

சரி, என்னதான் செய்வது என்று எல்லோரும் கேட்கிறீர்கள். இத்தனை நாள் எழுதியது இதற்காகத்தான்.

ஏலத்தைத் திருப்பிப் போட வேண்டும். “எங்களுக்கு யார் அதிகத் தொகை தருவீர்கள்?” என்று கேட்பதற்குப் பதிலாக, “பொதுமக்களிடம் யார் குறைந்த கட்டணம் வாங்கி இதை ஒழுங்காக நடத்துவீர்கள்?” என்று கேட்க வேண்டும். புது யோசனை இல்லை. எட்வின் சாட்விக் என்ற பிரிட்டிஷ் சீர்திருத்தவாதி 1859-இல் சொன்னது, ஹரால்ட் டெம்செட்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1968-இல் விரித்து எழுதியது. ஒரே ஒருவர்தான் நடத்த முடியும் என்கிற தொழிலில்கூட, நடத்துகிற உரிமைக்குப் பலரைப் போட்டி போட வைக்கலாம். போட்டியை எதன் மேல் வைக்கிறோம் என்பதுதான் விஷயம். தொகையின் மேல் வைத்தால் லாபம் முழுதும் விமான நிலையத்துக்குப் போகிறது. கட்டணத்தின் மேல் வைத்தால் நமக்கு வருகிறது.

விமான நிலையத்தையே யார் நடத்துகிறார் என்பதும் சேர்ந்தே வரும். 2019-இல் திருவனந்தபுரம் உட்பட ஆறு விமான நிலையங்களைத் தனியார் நடத்த ஏலம் விட்டபோது அளவுகோல், நடத்துகிறவர் அரசுத் தரப்புக்குப் பயணிக்கு இவ்வளவு ரூபாய் கட்டுவார் என்பது. திருவனந்தபுரத்துக்கு 168 ரூபாய். பயணித் தலைக்குக் கட்டிவிட்டால் பார்க்கிங்கில் கூடுதலாக வரும் ரூபாய் நடத்துகிறவரிடமே நிற்கும். டெல்லி ஒப்பந்தம் வேறு மாதிரி, வருமானத்தில் 45.99 சதவீதம் அரசின் இந்திய விமான நிலையங்கள் ஆணையத்துக்குப் (ஏரா இல்லை, இது வேறு) போக வேண்டும். இரண்டில் எதில் பார்க்கிங் விலையை ஏற்ற ஆசை அதிகம் வரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட பணமாக்கல் பட்டியலில் (தனியாருக்குக் குத்தகை விட்டுப் பணம் திரட்ட நினைக்கும் அரசுச் சொத்துகள்) மதுரையும் திருச்சியும் இருக்கின்றன. ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்னால்தான் பேச வேண்டும், எழுதிய பிறகு பல ஆண்டுகளுக்குக் கதவு மூடிவிடும்.

ஆகஸ்ட் 18

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, டோல்கேட்டில் வேலை பார்த்த ஒருவர் தனியாக எழுதினார். அவர் சொன்னது முக்கியம். கட்டணத்தைக் கட்டிப்போட்டால் கடிகாரத்தில் சம்பாதிப்பார்கள். வெளியேறும் வாசலில் மூன்று கவுண்டருக்குப் பதில் ஒன்று திறந்தால் போதும். வரிசையில் நிற்கும்போதே இலவச நிமிடங்கள் கரைந்துவிடும், அடுத்த மணிக்கும் தாண்டிவிடும். ஒரு பைசா விலை ஏற்றாமலே வசூல் ஏறும்.

எனக்கு ஒருமுறை இப்படித்தான் ஆனது. கையில் காசோடு, முன்னால் ஐந்து வண்டி நிற்க, மணி தாண்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கவுண்டரில் இருந்த பையனிடம் சண்டை போட்டுப் பயன் இல்லை, அவன் சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவன்.

ஆகவே ஏலத்தைத் திருப்பினால் மட்டும் போதாது. வெளியேறும் வரிசையில் சேர்ந்த நொடியில் கடிகாரம் நிற்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். நம்பர் பிளேட்டைப் படிக்கிற கேமராவுக்கு இது பெரிய வேலை இல்லை. விமானம் தாமதமானால் அந்தத் தாமத நேரம் கட்டணத்தில் சேரக் கூடாது என்றும் எழுதலாம். தாமதம் பற்றிய தகவல் அதே கட்டடத்துக்குள் திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 24

அமெரிக்காவில் பல விமான நிலையங்களில் போன் வரும்வரை காத்திருக்க என்றே தனி மைதானம் வைத்திருக்கிறார்கள். முனையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, இலவசம், ஆனால் டிரைவர் வண்டியை விட்டு இறங்கிப் போகக் கூடாது. ஆள் வெளியே வந்ததும் போன் பண்ணுவார், இவர் போய் ஏற்றிக்கொள்வார். ரோட்டோரம் நிற்பதை ஒழிக்கத்தான் அங்கேயும் இதைக் கொண்டுவந்தார்கள்.

நமக்கு வேண்டியது இதுதான். ஷூப் சொன்ன கணக்குக்கும் ஒத்துப்போகிறது: வாசல் பக்கத்து இடத்துக்கு விலை இருக்கட்டும், தள்ளியிருக்கும் இடத்தில் காத்திருக்க விலை வேண்டாம். ஒரு கழிப்பறை, ஒரு தண்ணீர்க் குழாய், வேப்ப மரம் நாலு. வேனில் வருகிற வயதானவர்களை நினைத்தால் கழிப்பறையைத்தான் முதலில் எழுதுவேன்.

“டிரைவர் இல்லாமல் தானே ஓட்டி வருகிறவர், உள்ளே போய் மகளைக் கட்டிப்பிடித்து அழைத்து வர நினைக்கிறவர் என்ன செய்வார்?” என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். அவருக்கு அரை மணி நேரக் கட்டணம் போதும்படி ஆகும். காத்திருப்பு வெளியே, வரவேற்பு உள்ளே. இப்போது இரண்டுக்கும் சேர்த்து ஒரே விலை வாங்குகிறார்கள்.

ஆகஸ்ட் 27

உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து ஓடுதளம் இருக்கிறதே, இராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் வருமென்று மார்ச் மாத மாநில பட்ஜெட்டிலும் சொன்னார்களே, அது வந்தால் இந்தப் பேச்சே தேவையில்லையே என்கிறார்கள். எங்கள் ஊர் உச்சிப்புளி. கடற்படை விமானச் சத்தம் கேட்டு வளர்ந்தவன். வந்தால் சந்தோஷம். ஆனால் அங்கேதான் இந்தப் பேச்சு இன்னும் தேவை. தை அமாவாசை, ஆடி அமாவாசைக்குத் தீவு என்ன பாடுபடுகிறது என்று தெரியும். அந்த நாட்களைப் பார்த்து ஏலம் கேட்பவர், வருடம் முழுக்க அந்த விலையைத்தான் மனதில் வைத்துக் கேட்பார். புதிதாகக் கட்டுகிற இடத்தில் காத்திருப்பு மைதானத்தை வரைபடத்திலேயே போட்டுவிடலாம். பழைய இடத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஏற்கெனவே ஒரு குத்தகை ஓடிக்கொண்டிருக்கும்.

செப்டம்பர் 1, திங்கள்

இன்று குறைதீர் நாள். கலெக்டர் அலுவலகத்துக்கு மனு எழுதலாமா என்று கேட்டவர்களுக்கு: மதுரையும் திருச்சியும் நம் கலெக்டர் கையில் இல்லை. ஆனால் வரப்போகிற இராமேஸ்வரம் விமான நிலையத்துக்கு இங்கிருந்துதான் கருத்து போக வேண்டும், ஆகவே எழுதலாம். கோரிக்கை மூன்று: இலவசக் காத்திருப்பு மைதானம், குறைந்த கட்டணத்துக்கு ஏலம், வெளியேறும் வரிசையில் கடிகாரம் நிற்பது. நான்காவதாக நேரடிப் பேருந்தைச் சேர்க்கச் சொல்கிறார் தொண்டிக்காரர். சேர்த்துவிடுகிறேன்.

மனுவோடு ஆதாரம் வேண்டும். நடுப்பகுதிக் கட்டணத்தில் மாட்டுகிறவர்கள் தூரத்துக்காரர்கள்தான் என்று நான் சொல்வதைச் சீட்டு சொல்ல வேண்டும். கார் டாஷ்போர்டில், பர்ஸில் பழைய பார்க்கிங் சீட்டு கிடந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், கொடுத்த தொகை மூன்றும் தெரிய வேண்டும். வண்டி நம்பரை மறைத்துவிடுங்கள். கீழே உங்கள் ஊர்ப் பெயரையும், விமானம் தாமதமாக வந்ததா இல்லையா என்பதையும் மட்டும் எழுதினால் போதும். அந்தச் சீட்டு வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும், அதனால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.